ஆசீர்வாதம் முடியாமல் எழும்பக் கூடாது

ஊழியத்துக்கு அழைப்பு எப்படி வந்தது என்று என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. பெண்கள் கூட்டத்துக்குப் போனால் முன்னால் நிறுத்தி, சாட்சி சொல்லு என்பார்கள். எனக்கு முன்னால் பேசியவளுக்கு வெளிச்சம் தெரிந்திருக்கும். அவளுக்கு முன்னால் பேசியவளை யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். எனக்குக் கேட்டது பஸ் ஹாரன். அதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. அதனால் ஏதோ நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இப்போது எனக்கு எதிரே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தக்கலைக்கு மேற்கே, பெரிய ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம் மேலே ஏறினால் வரும். பனைவிளை, மரச்சீனிக் கிழங்கு, நடுவில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்ன வேதக்கோயில். என் வீட்டுக்காரர் பனையேறி. நான் அவர் இறக்கிக் கொண்டுவரும் அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். அதற்குமேல் எனக்கு ஒரு தகுதியும் கிடையாது.

எங்கள் சபைக்குப் போதகர், நாங்கள் ஐயர் என்போம், மாதத்தில் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். அவரும் ஒரு காலத்தில் பனையேறினவர். மழை ஈரத்தில் கால் வழுக்கி விழுந்து இடுப்பு போய்விட்டது. இனி மரம் ஏற முடியாது என்று ஆனபிறகு, வேதம் வாசிக்கத் தெரிந்தவர் என்று சபை அவரை எடுத்துக்கொண்டது. ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். பொல்லாத மனுஷன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல வருஷம் அவரை நான் பொல்லாதவர் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

யாருக்காவது சுகமில்லை என்றால் உபதேசியார் வருவார். அக்கம்பக்கத்துச் சனம் வரும். பாட்டு, வாசிப்பு, ஒவ்வொருத்தராக ஜெபம், மறுபடி பாட்டு, கடைசியில் ஆசீர்வாதம். எல்லாரும் முழங்காலில். ஆசீர்வாதம் சொல்லி ஆமென் போடுகிற வரைக்கும் ஒருத்தரும் எழும்பக் கூடாது. பாதியில் எழும்பினால் ஜெபம் முறிந்துபோகும், யாருக்காக ஜெபித்தோமோ அந்த ஆளுக்கே அது திரும்பும் என்று எங்கள் ஊரில் ஒரு பயம். வேதத்தில் எங்கே இருக்கிறது என்று பிற்பாடு நான் தேடிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை. யார் ஆரம்பித்தது என்றும் தெரியவில்லை. ஆனால் ஊரே அதற்குக் கட்டுப்பட்டிருந்தது. நானும்தான்.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம். என் மகளுக்கு அப்போது நாலு வயது. முந்தின நாள் தொண்டை வலி என்றாள். காலையில் கழுத்து வீங்கி, மூச்சு விடும்போது ஓலையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. வீட்டுக்காரர் முதல் மரத்திலிருந்து இறங்கி வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "ஒம்பது மணி பஸ்ஸுக்குக் கொண்டு போயிருவோம்" என்றார். பஸ்ஸில் போய் இறங்கி அரை மணி நேரம் நடந்தால் மிஷன் ஆஸ்பத்திரி. பஸ்ஸை விட்டால் மாட்டு வண்டிதான், மூன்று மணி நேரம்.

பிள்ளைக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது உபதேசியார் வந்தார். பின்னாலேயே சனம்.

"பிள்ளைய வழியனுப்பதுக்கு ஒரு சின்ன ஜெபம் மக்கா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு" என்றார்.

நேரம் கிடந்தது உண்மைதான். முழங்கால் போட்டோம். பிள்ளை என் மடியில். முதல் பாட்டு, வாசிப்பு. அப்புறம் ஒவ்வொருத்தராக ஜெபிக்க ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் என் பிள்ளைமேல் பிரியம். அதுதான் வினை. ஒருத்தி முடிக்கும் முன்னே அடுத்தவள் ஆரம்பிப்பாள். யாரும் சுருக்கமாக முடிக்கவில்லை. சுருக்கமாக முடித்தால் பிரியம் குறைவு என்று ஆகிவிடுமே.

வாசலுக்கு வெளியே ஒருவர் இருமினார். வண்டிக்காரர். எங்கள் பக்கத்து விளைக்காரர், அய்யாவழிக்காரர், நெற்றியில் நீளமாக நாமம். அவரிடம் ஒரு ஜோடிக் காளையும் சக்கடா வண்டியும் இருந்தன. ஊரில் யாருக்கு அவசரம் என்றாலும் அவர்தான். பஸ் நேரம் ஆகிறது என்று சொல்லத்தான் வந்திருக்கிறார். வேற மார்க்கத்து ஆள், அடுத்தவர் ஜெபத்தை எப்படிக் கலைப்பது என்று இருமிப் பார்த்தார். இரண்டாம் முறை இருமினார். மூன்றாம் முறை இருமியது இருமல் மாதிரியே இல்லை.

எனக்குக் கேட்டது. வீட்டுக்காரரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எழும்பினால் பிள்ளைமேல் திரும்பும் என்ற பயம். அப்போது கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. ஒருமுறை. கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. அப்புறம் இன்ஜின் சத்தம் கிழக்கே போய்க் கரைந்தது.

இன்னும் மூன்று பேர் ஜெபித்தபிறகு உபதேசியார் ஆசீர்வாதம் சொன்னார். எல்லாரும் ஆமென் என்றோம். எழும்பினோம்.

யாரும் கேட்காமலே வண்டிக்காரர் காளையைப் பூட்டி வைத்திருந்தார். பாதி வழியில், ஒரு கலுங்குப் பாலத்துக்குப் பக்கத்தில், அந்த ஓலை கிழிகிற சத்தம் நின்றது. வண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமல் காளையை மட்டும் நிறுத்தினார். பிறகு வண்டியைத் திருப்பினார்.

அடக்கத்துக்கு வந்த பெண்கள், கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்றார்கள். "பஸ்ஸ விட்டது கர்த்தராட்டி?" என்று கேட்டேன். துக்கத்தில் பேசுகிறாள் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்.

அதன்பிறகு நான் கோயிலுக்குப் போகவில்லை. உபதேசியாரை வழியில் கண்டால் துப்பிவிட்டுத் திரும்புவேன். வீட்டுக்காரர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பேசவும் இல்லை. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அழுதிருந்தால் பனை உச்சியில்தான் அழுதிருப்பார், அங்கே யாரும் போவதில்லை. அன்றைக்கு அவர் என்னைப் பார்த்த பார்வையும் நான் கண்ணை மூடினதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கடைசிவரைக்கும் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

ஒரு வருஷத்துக்குமேல் போயிருக்கும். இறக்கத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவள் பையனுக்குச் சுகமில்லை, ஜெபம் நடக்கிறது என்றார்கள். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். விறகு எடுக்க அந்த வழியாகப் போனேன். உள்ளே பாட்டுச் சத்தம். பாட்டுக்கு இடையில் அந்தச் சத்தம். ஓலை கிழிகிற சத்தம்.

விறகைப் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். எல்லாரும் முழங்காலில் கண்ணை மூடியிருந்தார்கள். அன்றைக்கு உபதேசியார் ஊரில் இல்லை. சபை மூப்பர் ஒருத்தர் நடத்திக்கொண்டிருந்தார். பையன் தாயின் மடியில் நீலமாகிக்கொண்டு வந்தான். அவள் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். எழும்பவில்லை. எழும்ப மாட்டாள் என்று எனக்குத் தெரியும். கத்தினாலும் எழும்ப மாட்டார்கள். பிசாசு பிடித்தவள் என்று எனக்கும் சேர்த்து ஜெபிப்பார்கள்.

என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு கையையும் தூக்கினேன். ஐயர் பீடத்தில் நின்று சொல்வாரே, கிருபை, அன்பு, ஐக்கியம் என்று, அந்த ஆசீர்வாதத்தை அடி வயிற்றிலிருந்து சத்தமாகச் சொன்னேன்.

"ஆமென்" என்றது வீடு முழுவதும்.

எழும்பிவிட்டார்கள். கண்ணைத் திறக்கும் முன்னே கால் எழும்பிவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம். மூப்பர் மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி முழங்காலில் நின்று திருதிருவென்று விழித்தார்.

"யாருட்டி அது? நான் இன்னும் முடிக்கல்லியே!"

"முடிஞ்சாச்சு. ஆமென் சொல்லியாச்சு, எழும்பியாச்சு. பிள்ளைய எடு" என்றேன்.

அவள் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பஸ் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் தொண்டையைக் கீறிக் குழாய் வைத்தார்கள். பையன் பிழைத்தான். இன்றைக்கும் கழுத்தில் அந்தத் தழும்போடு இருக்கிறான்.

மறுநாள் வண்டிக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். "ஏட்டி, உங்க ஆளுவ எழும்புததுக்கு ஒரு மந்திரம் வேணும்னா அத முந்தியே..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். சிரிப்பும் நின்றது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முந்தியே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வந்தார். நான் அதைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐயர் வந்தபோது விசாரணை. மூப்பருக்குக் கோபம் தாங்கவில்லை. "பொம்பள கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொல்லுதா ஐயரே. நாளைக்கு ஞானஸ்நானமும் கொடுப்பா."

"பிள்ள சாகக் கெடந்தா அதையும் கொடுப்பேன்" என்றேன்.

ஐயர் வயசானவர், சண்டை பிடிக்காது. வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில், "சொல்லுவது இருக்கட்டும். கையைத் தூக்காமல் சொல்லலாம்" என்றார். அதுதான் தீர்ப்பு. எனக்காகப் பேசினவர் உபதேசியார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு நன்றி வரவில்லை. இன்னும் எரிச்சல்தான் வந்தது.

அப்படித்தான் என் ஊழியம். கொஞ்ச நாளில் சபையே என்னை வேதாகமப் பெண் என்று வைத்துக்கொண்டது. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, வேதம் வாசித்துக் காட்டுவது. எனக்கு அந்த வேலையில் பெரிய பிரியம் கிடையாது. பாட்டும் வராது. எனக்கு இருந்தது ஒரே வேலை. சுகமில்லாத வீட்டுக்குள் போக வேண்டும், போன உடனே ஆசீர்வாதத்தைச் சொல்ல வேண்டும், எழுப்பிவிட வேண்டும். மற்றவர்கள் கடைசியில் சொல்வதை நான் முதலில் சொன்னேன். பிரசவம் சிக்கினவள், பாம்பு கடித்தவன், காய்ச்சலில் பிதற்றின பிள்ளை, எல்லாரும் பஸ்ஸில் ஏறினார்கள், வண்டியில் ஏறினார்கள். பலர் பிழைத்தார்கள்.

பிழைத்ததும் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஆஸ்பத்திரியில் பிழைத்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அக்காள் வந்து ஆசீர்வாதம் சொன்னாள், பிழைத்தது என்றார்கள். அக்காள் சொன்னால் பலிக்கும் என்றார்கள். நான் மறுத்தேன். ஆனால் பலமாக மறுக்கவில்லை. ஊரே துக்கம் விசாரித்துவிட்டு மறந்துபோன ஒருத்தியை, வாசலில் கண்டதும் எல்லாரும் எழுந்து வழி விட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது, சேலையை மாற்றிக்கொண்டு போனேன்.

இப்படி நாலைந்து வருஷம்.

ஒரு சந்தை நாள். மார்த்தாண்டத்துக்குக் கருப்பட்டி கொண்டு போயிருந்தேன். விற்றது பாதி, மிச்சத்தைத் தலையில் வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் திரும்பி வந்தேன். ஊர் எல்லையில், மண் வெட்டிப் பிழைக்கிற ஒருத்தரின் வீடு. அவர் வீட்டு வேலிக்குப் பக்கத்தில் சக்கடா வண்டி நின்றது. நுகத்தடி தரையில் கிடந்தது. காளைகள் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. வண்டிக்காரர் வண்டி நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பினார்.

"வந்தியா?" என்றார். அவ்வளவுதான்.

"என்ன அண்ணாச்சி?"

"விடியக்காலம் பூட்டினேன். வெயில் ஏறினப்பொ அவுத்தேன். உள்ள போய்ப் பாரு."

கூடையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனேன். வீடு நிறையச் சனம். பாயில் அவர்கள் மகள், ஏழு வயசு இருக்கும். விடியற்காலத்திலிருந்து வாந்தியும் பேதியும். கண் குழிக்குள் போயிருந்தது. கையைத் தொட்டேன், வாழைத்தண்டு மாதிரி குளிர்ந்து கிடந்தது. தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளினபடியே நின்றது.

என்னைக் கண்டதும் தகப்பன் முகம் விரிந்தது. அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அக்கா வந்தாச்சு! எல்லாரும் முழங்கால் போடுங்கோ, அக்கா வந்தாச்சு!"

"ஏம்வே கொண்டு போகல்ல? வண்டி வாசல்ல நிக்குதே!"

"நீங்க வந்து சொல்லாம எப்பிடிக்கா எழும்பது? உங்க வீட்டுக்கு ஆள் விட்டேன். சந்தைக்குப் போயிருக்காவ, உச்சிக்கு வந்திருவாவன்னு சொன்னாவ. உச்சிக்கு வந்திருவியன்னா பின்ன என்ன, ஜெபத்தோட இருப்போம்னு இருந்தோம்."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இருபது பேர் முழங்காலில். எல்லார் கண்ணும் மூடியிருந்தது. அன்றைக்கு என் வீட்டில் இருந்த அதே சனம், அதே பிரியம். அவர்கள் இந்த முறை யாருக்காகக் காத்திருந்தார்கள்? எனக்காக. எழுப்பிவிடுவதற்கென்று நான் கண்டுபிடித்த வார்த்தை, அது வராமல் எழும்பக் கூடாது என்று ஆகியிருந்தது. நான் கருப்பட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்ற நேரமெல்லாம் இந்தப் பிள்ளை வற்றிக்கொண்டிருந்தாள்.

சொல்ல மாட்டேன், எழும்புங்கள் என்று கத்தினேன். ஒருத்தரும் எழும்பவில்லை. தகப்பன் கண்ணைத் திறக்காமலே, "சொல்லுங்கக்கா, சொல்லுங்க" என்றார். வேறு வழி இல்லை. சொன்னேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆமென் என்றார்கள், எழும்பினார்கள்.

வண்டிக்காரர் காளைகளை அடித்து ஓட்டினார். அவர் காளையை அடித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். ஆஸ்பத்திரியில் நரம்பில் ஊசி குத்தப் பார்த்தார்கள், நரம்பு கிடைக்கவில்லை. "காலையிலேயே ஏன் கொண்டு வரல்ல?" என்று நர்ஸ் தகப்பனிடம் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், குற்றம் சொல்லுகிற பார்வை இல்லை. என் பதில்தான் சரியாக இருக்கும் என்று பார்த்தார். நான் பிள்ளையின் குளிர்ந்த காலைத் தேய்த்துக்கொண்டே நின்றேன். பிள்ளை சாயங்காலத்துக்கு முன்னே போய்விட்டாள்.

திரும்பும்போது அவர் சொன்னார்: "நீங்க வந்து ஆசீர்வாதம் சொன்ன பெறவுதானக்கா போனா. சமாதானமாப் போனா."

அடித்திருக்கலாம் அவர் என்னை. வழியெல்லாம் அடிக்கட்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் உபதேசியார் வீட்டுக்குப் போனேன். மகள் போனபிறகு அந்த வாசலை நான் மிதித்ததில்லை. அவர் முற்றத்தில் ஒரு காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்து பனை நார் கிழித்துக்கொண்டிருந்தார்.

"இரி மக்கா" என்றார்.

உட்காரவில்லை. "அண்ணைக்கு என் வீட்டுல பஸ் ஹாரன் கேட்டுதே, உங்களுக்குக் கேட்டுதா இல்லியா?"

நார் கிழிப்பதை நிறுத்தினார். "கேட்டுது."

"பின்ன ஏன் நிறுத்தல்ல?"

"ஒவ்வொருத்தரும் அழுது ஜெபிக்காவ. போதும்னு எப்பிடிச் சொல்ல? நானும் மத்தவங்களப் போலத்தான் மக்கா. முறிஞ்சிரும்னு பயம்." நீட்டின காலைத் தடவிக்கொண்டு, "நான் மரத்துல இருந்து விழல்லன்னா இந்த வேலைக்கே வந்திருக்க மாட்டேன். எனக்கு என்ன தெரியும்? ஏறத் தெரியும், வாசிக்கத் தெரியும். சனம் எங்கிட்ட கேக்கதெல்லாம் எனக்குத் தெரியாத காரியம்" என்றார்.

"ஆறு வருசமா உங்கள நான் சபிச்சேன்."

"தெரியும்."

"இப்பொ என்னைய யாரு சபிப்பா?"

அவர் மறுபடி நாரை எடுத்துக் கிழிக்கத் தொடங்கினார். நான் அவரை மன்னித்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். மன்னிப்பதற்கு நான் யார் என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்திருந்தோம். அவரிடம் இல்லாத ஒரு பெருமை என்னிடம் இருந்தது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஐயரிடம் சொன்னேன். ஜெபித்து முடிவு எடு என்றார். கொஞ்ச நாள் சும்மா இருந்து பார்த்தேன். நான் போகாவிட்டால் எனக்காகக் காத்திருந்தார்கள். போன பிறகுதான் எழும்பினார்கள். விடுவதற்கும் வழி இல்லை. சரி என்று ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். சுகமில்லாத வீடு என்று இல்லை, எல்லா வீடும். "எனக்காகக் காத்திருக்காதுங்கோ. பிள்ளைக்கு முடியல்லன்னா எடுத்துக்கிட்டு ஓடுங்கோ. வழியில ஜெபிங்கோ. நடந்துகிட்டே ஜெபிச்சா கர்த்தருக்குக் காது கேக்காதா?" சிரித்தார்கள். சரி அக்கா என்றார்கள். மரச்சீனி அவித்துத் தந்தார்கள். நான் எழும்பும்போது, "வந்தது வந்தியளே, ஒரு ஆசீர்வாதம் சொல்லிட்டுப் போங்கோ" என்றார்கள்.

வண்டிக்காரரிடம் மட்டும்தான் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர், "நாங்க கும்பிடுத அய்யா பதியிலயும் இதே கததான். தண்ணியும் மண்ணும் குடுத்தா ஆஸ்பத்திரிக்குப் போகாம அதையே நக்கிகிட்டு இருப்பான். சாமிய என்ன செய்ய? ஆள மாத்தணும்" என்றார். ஆளை எப்படி மாற்றுவது என்று அவருக்கும் தெரியவில்லை. இனி யார் என்ன சொன்னாலும் வண்டியைப் பூட்டினால் அவிழ்க்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

எங்கள் தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்து மதராஸோடு சேர்த்த வருஷம். வீட்டுக்காரர் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு காலை, மேட்டு வீட்டுக்காரியின் கைப்பிள்ளைக்கு நெஞ்சில் சளி முட்டி இழுக்கிறது என்று தகவல். போனேன். வழக்கம்போல முழங்காலில் சனம். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. நேரே உள்ளே போய் தாயின் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அலறிக்கொண்டு பின்னால் வந்தாள். அவள் மட்டும் எழும்பினாள். அவ்வளவு போதும் என்று நினைத்தேன்.

ரோட்டு முக்கில் பஸ் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் சூடாகி ஆவி வந்தது. கண்டக்டர் பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பிள்ளையோடு படியில் கால் வைத்தேன். தாய் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லிட்டு ஏறுங்கக்கா! சொல்லாம எம் பிள்ளைய ஏத்தாதீங்கக்கா!"

"ஏறுட்டி சவமே! பிள்ளைக்கு மூச்சு இழுக்குது!"

"சொல்லாம ஏறமாட்டேன்!" ரோட்டில் மண்டி போட்டுவிட்டாள். பஸ்ஸுக்குள் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

கண்டக்டர் வாளியைக் கீழே வைத்தார். "எம்மா, ஏறுகதா, இல்ல பூசை இருக்கா?"

சொன்னேன். படியில் ஒரு கால், ரோட்டில் ஒரு கால், தோளில் பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வார்த்தைகளை அவள் தலைமேல் எறிந்தேன். அப்படி ஒரு கோபத்தில் யாரும் ஆசீர்வாதம் சொல்லியிருக்க மாட்டார்கள். "ஆமென்" என்றாள். எழும்பினாள். ஏறினாள். கண்டக்டர் மூடியைத் திருகிவிட்டு விசிலடித்தார். பஸ் கிளம்பியது.

பிள்ளை பிழைத்தது.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, சாட்சி நேரத்தில் அந்தத் தாய் எழுந்தாள். கையில் பிள்ளை, கொழுகொழுவென்று. அழுதுகொண்டே சொன்னாள்: "பஸ் கெளம்பதுக்கு நின்னுது. அக்கா படியில கால் வச்சாவ. ஆசீர்வாதம் சொல்லி முடிக்கது வரைக்கும் அந்த பஸ் நகரல்ல. ஆமென் சொன்ன பெறவுதான் நகந்துது. எங் கண்ணால கண்டேன்."

கோயில் முழுவதும் அல்லேலூயா என்றது.

நான் எழுந்தேன். "தண்ணி ஊத்துனான். அதனால நின்னுது. இன்ஜினுக்குத் தண்ணி ஊத்துனான்" என்றேன். "ஒருநாள் நின்னுது. இன்னொரு நாள் நிக்காது. எனக்குத் தெரியும். என் பிள்ளைக்கு நிக்கல்ல. நான் வருவேன்னு யாரும் இருந்திராதுங்கோ."

என் வீட்டு அடக்கத்துக்கு வந்த பெண்கள் முன் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். மண் வெட்டிப் பிழைக்கிறவர், பேதியில் மகளைப் பறிகொடுத்தவர், ஆண்கள் பக்கம் இருந்தார். அவராவது புரிந்துகொள்வார் என்று அவரைப் பார்த்தேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம், எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "பாத்தியளா, எவ்வளவு தாழ்மை."

உபதேசியார் மட்டும் தலை குனிந்து நின்றார். பிறகு ஜெபிப்போம் என்றார். எல்லாரும் முழங்கால் போட்டார்கள். நானும் போட்டேன்.